ரசாயன வாசனை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு கட்டில், ஒரு மெத்தை: தொடக்கநிலை விளக்கம்

மெத்தை உறையின் மேல் 'நச்சற்றது' என்று அச்சடித்திருந்தால் அதற்கு என்ன பொருள் என்பதற்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட வரையறை எதுவும் கிடையாது. 'இயற்கையானது', 'பசுமையானது', 'ரசாயனமே இல்லை' எல்லாம் இதே கதைதான். அதிலும் கடைசியாகச் சொன்னது நடக்கவே முடியாத காரியம், பஞ்சும் ரசாயனத்தால் ஆனதுதான், தண்ணீரும் அப்படித்தான். பெயிண்ட், பெர்ஃப்யூம், புது பிளாஸ்டிக் என்று ஏதாவது ஒரு வாடை பட்டாலே தலைவலி, மூச்சுத் திணறல், தோல் எரிச்சல் என்று அவதிப்படுகிறவர்கள் இந்தச் சொற்களை நம்பி வாங்கவே கூடாது. ராத்திரி ஏழெட்டு மணி நேரம் மூக்கை வைத்துப் படுக்கப்போகிற பொருள் இது. தப்பாக அமைந்தால் பணமும் போகும், தூக்கமும் போகும், உடம்பு மறுபடி நிலைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் முதலில் மூன்று கேள்விகளைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பொருளுக்குள் என்ன இருக்கிறது? இதிலிருந்து காற்றில் என்ன வெளியே வருகிறது? அது என் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா? மூன்றும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றின் பதில் இன்னொன்றுக்குப் பொருந்தாது. உள்ளே மோசமான ஒரு பொருள் இருந்தும் அது வெளியே வராமல் கெட்டியாகப் பிணைந்திருக்கலாம். உள்ளே எல்லாமே இயற்கையாக இருந்தும் அதன் மணமே உங்களுக்கு ஆகாமல் போகலாம். சான்றிதழ்கள் முதல் இரண்டு கேள்விகளுக்குத்தான் பதில் சொல்லும். மூன்றாவதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கும் முறை இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

வாடை எங்கிருந்து வருகிறது?

சில பொருட்கள் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகிவிடும். கற்பூரத்தைத் திறந்து வைத்தால் நெருப்பே இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கலந்து சின்னதாகிவிடுகிறது இல்லையா, அதே வேலைதான் புது மெத்தையிலும் புதுப் பலகையிலும் நடக்கிறது. இப்படி ஆவியாகும் கரிமச் சேர்மங்களைச் சுருக்கமாக விஓசி என்பார்கள். டொலுயீன், ஸ்டைரீன், ஃபார்மால்டிஹைடு எல்லாம் இந்தக் கூட்டம். ஃபார்மால்டிஹைடின் கொதிநிலையே மைனஸ் 19 டிகிரி செல்சியஸ், அதாவது அறைக்குள் அது எப்போதும் வாயுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் அதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் சேர்த்தது. வீட்டுக்குள் இருக்கும் காற்றில் அரை மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

வெப்பம் கூடினால் ஆவியாவதும் கூடும். இது மெத்தைக்கு ரொம்ப முக்கியம், ஏனென்றால் நீங்கள் படுத்ததும் உங்கள் உடம்புச் சூடே அதைச் சூடாக்குகிறது. கடையில் லேசாக இருந்த வாடை ராத்திரி போர்வைக்குள் படுத்த பிறகு தூக்கலாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். ஈரப்பதமும் சில பொருட்களில் இதே வேலையைச் செய்யும்.

இன்னொரு வகையும் இருக்கிறது, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தீத்தடுப்பு ரசாயனங்கள், பிளாஸ்டிக்கை வளையச் செய்யும் தாலேட்டுகள் போன்றவை மிக மெதுவாக ஆவியாகும், பெரும்பாலும் வாசனையும் தெரியாது. அவை வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து அறையின் தூசியில் ஒட்டிக்கொள்ளும். 'ஒரு வாரம் காற்றாட வைத்தால் எல்லாம் போய்விடும்' என்று விற்பவர் சொல்வது வேகமாக ஆவியாகும் பொருட்களுக்குத்தான் பொருந்தும். மெதுவாக வரும் பொருட்கள் மெத்தைக்குள் இருக்கவே கூடாது என்று வாங்கும்போதே முடிவு செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. வாசனை இல்லை என்பதால் பாதுகாப்பு என்றும் இல்லை, வாசனை இருக்கிறது என்பதால் நச்சு என்றும் இல்லை.

அந்த உடல்நிலை பற்றி

ஒவ்வாமை வேறு, எரிச்சல் வேறு, ரசாயன உணர்திறன் வேறு. ஒவ்வாமையில் உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பு ஒரு குறிப்பிட்ட பொருளை எதிரியாக எடுத்துக்கொள்கிறது, பல நேரங்களில் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். எரிச்சல் என்பது அளவு கூடினால் யாருக்கும் வரக்கூடியது. மூன்றாவது, மிகக் குறைந்த அளவிலேயே பலவகையான, ஒன்றோடொன்று தொடர்பில்லாத பொருட்களுக்கு உடம்பின் பல பகுதிகளில் அறிகுறி வருவது. பன்முக ரசாயன உணர்திறன் என்ற பெயரில் 1987இல் மார்க் கல்லன் என்ற மருத்துவர் இதற்கு வரையறை கொடுத்தார், 1999இல் மருத்துவர்கள் சிலர் கூடி அதை அடையாளம் காணும் அளவுகோல்களை வெளியிட்டார்கள். காரணம் என்ன என்பதில் இன்றுவரை மருத்துவ உலகில் ஒத்த கருத்து இல்லை. எது ரசாயனம், எது வெறும் காற்று என்று சொல்லாமல் முகரவைத்துப் பார்த்த சோதனைகள் பலவற்றில் பாதிக்கப்பட்டவர்களால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை என்பதும் உண்மை. அதனால் அவர்களின் அவதி பொய்யாகிவிடாது. காரணம் பற்றிய விவாதம் நடக்கட்டும், அதுவரை ஒருவர் இன்று இரவு எதன்மேல் படுப்பது என்ற கேள்வி காத்திருக்காது.

ஆஸ்துமா உள்ளவர்களும், ரப்பர் பட்டால் தொண்டை வீங்குகிற அளவுக்கு ஒவ்வாமை உள்ளவர்களும் கீழே சொல்லப்போகும் வீட்டுச் சோதனைகளைத் தாங்களாகச் செய்ய வேண்டாம். மருத்துவரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

கட்டில்

பலரும் மெத்தைக்கே முழு கவனத்தையும் கொடுத்துவிட்டு, கட்டிலை அளவும் அழகும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். ஃபார்மால்டிஹைடு என்று வந்தால் பெரும்பாலும் கட்டில்தான் பெரிய பிரச்சினை. மரத்தூளையும் சில்லுகளையும் பசையில் பிசைந்து அழுத்திச் செய்வது பார்ட்டிக்கிள் போர்டு. மரத்தை நார்நாராக்கிச் செய்வது எம்டிஎஃப். மெல்லிய மரத்தாள்களை அடுக்கி ஒட்டுவது பிளைவுட். மூன்றிலும் பொதுவாகப் பயன்படுவது யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. விலை குறைவு, நிறம் கிடையாது, சீக்கிரம் இறுகும், அதனால் தொழிற்சாலைகளுக்குப் பிடிக்கும். ஆனால் காற்றின் ஈரம் பட்டால் அந்தப் பசையின் பிணைப்பு மெல்ல உடைந்து ஃபார்மால்டிஹைடு மறுபடி மறுபடி உருவாகிக்கொண்டே இருக்கும். புதிதில் இருக்கும் வேகம் குறையும், ஆனால் வருடங்கள் போனாலும் முழுக்க நிற்காது, மழைக்காலத்தில் திரும்பவும் கூடும். வெளிப்புற வேலைக்கான பிளைவுட்டில் போடும் பீனால் ஃபார்மால்டிஹைடு பசை ஈரத்தைத் தாங்கும், அதிலிருந்து வெளியே வருவது மிகக் குறைவு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அமெரிக்காவில் 2018 ஜூன் முதல் நாடு முழுவதும் இந்தப் பலகைகளிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடுக்கு வரம்பு இருக்கிறது: பத்து லட்சம் பங்கு காற்றில் பிளைவுட்டுக்கு 0.05 பங்கு, பார்ட்டிக்கிள் போர்டுக்கு 0.09, எம்டிஎஃபுக்கு 0.11. இதற்கு முன்னோடி கலிஃபோர்னியாவின் விதி, பலகைகளில் 'கார்ப் 2' என்று பார்ப்பது அதைத்தான். ஐரோப்பாவில் 'இ1', ஜப்பானில் எஃப் எழுத்துக்குப் பக்கத்தில் நான்கு நட்சத்திரம், அது இன்னும் கறாரானது. இந்த எண்கள் எல்லாம் ஒரு சோதனை அறையில், சொன்ன வெப்பத்தில், சொன்ன அளவு பலகையை வைத்து எடுத்தவை. உங்கள் படுக்கையறை சின்னதாக, சூடாக, ஜன்னல் மூடி, உள்ளே பலகை மட்டும் ஏராளமாக இருந்தால் அதே பலகை வேறு கணக்கைக் காட்டும். முடிந்தால் 'ஃபார்மால்டிஹைடு சேர்க்காத பசை' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அப்படிப்பட்ட பலகைகளும் தயாராகின்றன.

அடியில் இழுப்பறையும் பெட்டியுமாக வரும் கட்டில்களை உணர்திறன் உள்ளவர்கள் தவிர்த்துவிடுவதே நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன். இடம் மிச்சமாகும், சரிதான், ஆனால் மெத்தைக்கு நேர் கீழே பலகையின் பரப்பு பல மடங்கு கூடிவிடுகிறது, காற்றோட்டமும் இல்லை. கடையில் கட்டிலைப் பார்க்கும்போது மேல்பக்கத்தை மட்டும் பார்க்காமல் குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே மைக்கா ஒட்டியிருந்தால் அது ஓரளவு மூடிபோல வேலை செய்யும், ஆனால் வெட்டிய ஓரங்களும் ஆணித் துளைகளும் அடிப்பக்கமும் பெரும்பாலும் திறந்தே இருக்கும், கசிவது அங்கிருந்துதான். 'முழு மரக் கட்டில்' என்று சொல்லிவிட்டுத் தலைமாட்டுப் பலகையை எம்டிஎஃபிலும் குறுக்குச் சட்டங்களைப் பிளைவுட்டிலும் போட்டிருப்பது ரொம்ப சாதாரணம். ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், உணர்திறன் கடுமையாக இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இரும்பு அல்லது ஸ்டீல் கட்டில்தான். பவுடர் கோட்டிங் செய்ததாக இருந்தால் இன்னும் நல்லது. அது கரைப்பான் கலந்த பெயிண்ட் இல்லை, உலர்ந்த தூளை ஒட்டவைத்துச் சூளையில் ஏறக்குறைய 160 முதல் 200 டிகிரியில் உருக்கி இறுக்குவது. வீட்டுக்கு வரும்போதே அந்த வேலை முடிந்திருக்கும், ஆவியாக மிச்சம் இருப்பது மிகக் குறைவு. இயந்திர எண்ணெய் ஒட்டியிருக்கலாம், வாசனையில்லாத சோப்பு நீரில் துடைத்து உலரவிட்டால் போதும். சாதாரண எனாமல் பெயிண்ட் அடித்த இரும்புக் கட்டில் வேறு விஷயம், அது பல வாரங்களுக்கு வாடை அடிக்கலாம்.

மரம்தான் வேண்டும் என்றால், பலகையாக ஒட்டாத கெட்டி மரம். பைன், தேவதாரு போன்ற ஊசியிலை மரங்களில் இயல்பாகவே டெர்பீன் என்ற மணப்பொருட்கள் இருக்கின்றன. மற்றவர்களுக்கு நல்ல வாசனை, உணர்திறன் உள்ள பலருக்கு அதுவே தொந்தரவு. அது மட்டும் இல்லை, டெர்பீன்கள் காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்தால் கொஞ்சம் ஃபார்மால்டிஹைடும் உண்டாகும். மேப்பிள், ஆஷ் போன்ற அகன்ற இலை மரங்களில் இந்த மணம் மிகக் குறைவு. தேக்கின் எண்ணெய் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை தரும். ரப்பர் மரத்தைப் பூச்சி அரிக்காமல் இருக்கப் பொதுவாக போரேட் உப்பில் நனைத்தெடுப்பார்கள், சின்னச் சின்னத் துண்டுகளாகப் பசை போட்டு இணைத்தும் இருப்பார்கள். மூங்கில் கட்டிலும் பல நேரங்களில் மூங்கில் பட்டைகளைப் பசையில் ஒட்டிச் செய்ததுதான்.

மரத்தைவிட அதன் மேல்பூச்சுதான் பெரும்பாலும் ஆகாமல் போகும். எந்தப் பூச்சும் இல்லாமல் இழைத்து மணல்தாள் தேய்த்த மரமே எனக்குப் பிடித்தது. கறை படியும், பரவாயில்லை. பூச வேண்டும் என்றால் அரக்கு பாலிஷ் ஒரு நல்ல வழி. ஆல்கஹால் ஆவியாகும்வரை வாடை கடுமையாக இருக்கும், காய்ந்த பிறகு அநேகமாக ஒன்றும் வராது. ஆளி விதை எண்ணெயை இயற்கை என்று பரிந்துரைப்பவர்கள் உண்டு, ஆனால் அது காற்றோடு வினைபுரிந்து இறுகும்போது ஃபார்மால்டிஹைடின் குடும்பத்தைச் சேர்ந்த ஆல்டிஹைடுகளை வாரக்கணக்கில் வெளியிடும். இன்னொன்று, அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வைத்தால் தானாகவே தீப்பிடிக்கும், விரித்துத்தான் காயவைக்க வேண்டும்.

துணியோ ரெக்சினோ போர்த்திய தலைமாடு வேண்டாம். ஃபோம், பசை, பிவிசி, கறை பிடிக்காத பூச்சு, உள்ளே எம்டிஎஃப் என்று தவிர்க்க நினைக்கும் எல்லாமே ஒரே இடத்தில், அதுவும் தலைக்குப் பக்கத்தில் சேர்ந்திருக்கும். பழைய கட்டில் வாங்குவது பல நேரங்களில் புத்திசாலித்தனம், ஆவியாக வேண்டியது ஆவியாகியிருக்கும். ஆனால் ரொம்பப் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், யாரோ மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடித்திருக்கலாம், சிகரெட் புகையும் வாசனைத் திரவியமும் மரத்துக்குள் ஊறியிருக்கலாம். வாங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

மெத்தை

இப்போது அதிகம் விற்பது பாலியூரித்தேன் ஃபோம். ஐசோசயனேட்டும் பாலியால் என்ற பொருளும் வினைபுரிந்து உருவாவது. முழுக்க இறுகிய ஃபோமில் ஐசோசயனேட் அநேகமாக எல்லாமே தீர்ந்துபோயிருக்கும், வாடைக்குக் காரணம் மிச்சமிருக்கும் அமீன் வினையூக்கிகளும் மற்ற துணைப்பொருட்களும். மெமரி ஃபோமும் இதே குடும்பம்தான், 1966இல் நாசாவுக்காக விமான இருக்கைகளை மேம்படுத்தும் வேலையில் உருவானது. காற்றை உறிஞ்சிச் சுருட்டி பிளாஸ்டிக்கில் அடைத்து வரும் மெத்தையில் வெளியேற வேண்டியதெல்லாம் உள்ளேயே தங்கியிருக்கும், அதனால் பிரித்ததும் ஒரேயடியாக வரும். பலருக்குச் சில வாரங்களில் இது அடங்கிவிடுகிறது. உணர்திறன் உள்ளவர்கள் எல்லாருக்கும் அடங்குவதில்லை, அதனால் முதல் தேர்வாக ஃபோமை நான் சொல்லமாட்டேன். வேறு வழி இல்லை என்றால் ஒரே அடுக்கு, சாதாரண ஃபோம், ஜெல் கலக்காதது, கிருமி எதிர்ப்புப் பூச்சும் நறுமணமும் சேர்க்காதது என்று பாருங்கள்.

லேடெக்ஸ் என்பது ரப்பர் மரத்தின் பாலை நுரைக்கவைத்துச் சூட்டில் இறுக்கியது. டன்லப், டலாலே என்ற இரண்டு செய்முறைகள் உண்டு. பெட்ரோலியத்திலிருந்து வரும் ஸ்டைரீன் பியூட்டாடையீன் ரப்பரையும் லேடெக்ஸ் என்றே விற்பார்கள், கலப்பும் செய்வார்கள், 'இயற்கை லேடெக்ஸ்' என்ற சொல்லோடு நிற்காமல் எத்தனை சதவீதம் என்று கேட்க வேண்டும். முழுக்க இயற்கை என்றாலும் இறுகுவதற்குக் கந்தகமும் துத்தநாக ஆக்சைடும் வேகப்படுத்தும் ரசாயனங்களும் போட்டே ஆக வேண்டும். இனிப்பு கலந்த ஒரு ரப்பர் மணம் மாதக்கணக்கில் இருக்கலாம். சிலர் இதில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள், சிலரால் அறைக்குள்ளேயே நிற்க முடிவதில்லை. துண்டு வாங்கிச் சோதிக்காமல் முழு மெத்தை வாங்கவே கூடாத பொருள் இது. ரப்பர் ஒவ்வாமை இருப்பது உறுதியானவர்கள் ஒதுக்கிவிடுங்கள்.

தென்னை நார் மெத்தை என்றால் நார் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அதிகம். அந்த நாரைச் சேர்த்துப் பிடிப்பது ரப்பர் பால், மேலே பெரும்பாலும் ஒரு ஃபோம் அடுக்கு, நடுவில் பசை. ஸ்ப்ரிங் மெத்தையில் கம்பி பிரச்சினையே இல்லை, கம்பிக்கு மேலே என்ன போட்டிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. கம்பியின் மேல் பஞ்சும் கம்பளியும் வைத்து, பசை இல்லாமல் நூலால் கட்டிய மெத்தை கிடைத்தால் அது மிக நல்ல தேர்வு.

இலவம்பஞ்சு மெத்தையும் பருத்திப் பஞ்சு மெத்தையும்தான் இந்தப் பட்டியலிலேயே எளிமையானவை: பஞ்சு, துணி, நூல், அவ்வளவுதான். இலவம்பஞ்சின் இழை உள்ளே குழலாக, மேலே மெழுகுபோல இருக்கும், அதனால் ஈரம் எளிதில் ஏறாது. பருத்தியில் பூச்சிமருந்து எச்சம் பற்றிக் கவலைப்படுபவர்கள் இயற்கை வேளாண்மையில் விளைந்த பஞ்சைத் தேடலாம். ஆனால் மெத்தைக்குப் போட்ட பஞ்சு புதியதா, ஆலைக் கழிவா என்று கேளுங்கள், கழிவுப் பஞ்சில் சாயமும் எண்ணெயும் செயற்கை இழையும் கலந்திருக்கலாம். பஞ்சு மெத்தைக்குக் குறை இல்லாமல் இல்லை. அமுங்கும், கட்டி கட்டும், கனமாக இருக்கும், அடிக்கடி வெயில் காட்ட வேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சையும் தூசிப் பூச்சியும் வரும், ரசாயனத்திலிருந்து தப்பித்துப் பூஞ்சையிடம் மாட்டிக்கொள்வதில் அர்த்தமே இல்லை. மெத்தைக்கு அடியில் காற்று போகும்படி இடைவெளி விட்ட சட்டங்கள் இருப்பதும், அறையின் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைக்க முயல்வதும் இதனால்தான்.

கம்பளி தானாகவே எளிதில் தீப்பிடிக்காது, ஈரத்தையும் நன்றாகச் சமாளிக்கும். ஆனால் ஆட்டு ரோமத்தின் கொழுப்பு மணம் சிலருக்கு ஆகாது, அந்து அரிக்காமல் இருக்க பெர்மெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லி போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. கேட்டுவிடுவது நல்லது.

தீத்தடுப்பு பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பல நாடுகளில் மெத்தை தீச்சோதனையில் தேற வேண்டும். அமெரிக்காவில் 2007 ஜூலை முதல் திறந்த தீச்சுடரில் சோதிக்கும் விதி இருக்கிறது. எந்த ரசாயனத்தைப் போட வேண்டும் என்று விதி சொல்லவில்லை, தேறினால் போதும், எப்படித் தேறுவது என்பது தயாரிப்பாளரின் முடிவு. சிலர் கம்பளியால் தேறுகிறார்கள், சிலர் சிலிக்கா கலந்த ரேயான் இழையால், சிலர் உள்ளுறையாகக் கண்ணாடி இழையால். கண்ணாடி இழை ஆவியாகாது, ஆனால் வெளியுறையைக் கழற்றித் துவைத்தால் நுண் இழைகள் அறை முழுக்கப் பரவி மூச்சிலும் தோலிலும் குத்தும், ஜிப் இருந்தாலும் திறக்காதீர்கள். முன்பு ஃபோமில் போட்டுவந்த பென்டா பிடிஇ என்ற புரோமின் தீத்தடுப்பு ரசாயனத்தை 2009இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, அதாவது எளிதில் அழியாத நச்சுப் பொருட்களைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தம், தடைப் பட்டியலில் சேர்த்தது, பழைய ஃபோம் மெத்தையை யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல இது ஒரு நல்ல காரணம். அமெரிக்க விதியில் மருத்துவர் எழுதிக்கொடுத்தால் அந்த ஒருவருக்காக மட்டும் செய்யும் மெத்தைக்கு விலக்கும் உண்டு, ஆனால் தீப்பாதுகாப்பை விட்டுக்கொடுப்பது சின்ன முடிவு இல்லை, வீட்டில் சிகரெட், மெழுகுவர்த்தி எதுவும் படுக்கைப் பக்கம் வராது என்ற உறுதி இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

சான்றிதழ் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

கிரீன்கார்ட் கோல்டு (GREENGUARD Gold) என்பது இரண்டாவது கேள்விக்கான பதில், அதாவது வெளியே என்ன வருகிறது என்பதற்கு. பொருளைச் சோதனை அறையில் வைத்து மொத்த விஓசி ஒரு கன மீட்டருக்கு 220 மைக்ரோகிராமுக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஓகோ டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 பெரும்பாலும் முதல் கேள்விக்கான பதில், துணியிலும் மற்ற பாகங்களிலும் தீங்கான பொருட்கள் வரம்புக்கு மேல் இருக்கிறதா என்பது. அதில் நான்கு வகுப்புகள், கைக்குழந்தைகளுக்கான முதல் வகுப்புதான் மிகக் கறாரானது. காட்ஸ் (GOTS) என்பது இயற்கை வேளாண் துணிக்கானது, 'ஆர்கானிக்' என்று போட 95 சதவீத இழை அப்படி விளைந்திருக்க வேண்டும். கோல்ஸ் (GOLS) அதே மாதிரி லேடெக்ஸுக்கு. செர்ட்டிபூர் ஃபோமுக்கு மட்டும், அதை நடத்துவதும் ஃபோம் தொழில்துறை சார்ந்த அமைப்புதான். அந்த முத்திரை மெத்தையின் பசையைப் பற்றியோ உறையைப் பற்றியோ எதுவும் சொல்லாது.

முழு மெத்தைக்கும் சான்றிதழா, மேலுறைத் துணிக்கு மட்டுமா என்று கேளுங்கள். சான்றிதழ் எண்ணை வாங்கி அந்த அமைப்பின் தளத்தில் சரிபாருங்கள். ஆர்கானிக் என்ற முத்திரை வாசனை குறைவு என்று பொருள்படாது, ஆர்கானிக் லேடெக்ஸும் லேடெக்ஸ் மணம்தான் வீசும்.

வாங்குவதற்கு முன் சோதிப்பது

தயாரிப்பாளரிடம் அடுக்கு அடுக்காக என்னென்ன இருக்கிறது, எதனால் ஒட்டியிருக்கிறது, தீச்சோதனையில் எப்படித் தேறியது, கறை, நீர், கிருமி இவற்றுக்கு எதிரான பூச்சு ஏதும் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் அங்கேயே விட்டுவிடலாம். நல்ல பதில் வந்தால் ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு சின்னத் துண்டு கேளுங்கள், கட்டிலுக்குப் பூச்சு பூசிய ஒரு மரத்துண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கண்ணாடி ஜாடியில் மூடி ஓரிரு நாள் அறை வெப்பத்தில் வையுங்கள். அப்புறம் திறந்து, முகத்தைக் கொண்டுபோகாமல் கொஞ்சம் தள்ளி வைத்து, கையால் காற்றை விசிறி லேசாக முகர்ந்து பாருங்கள். இதில் ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்தத் துண்டை ஒரு பருத்தித் துணியில் சுற்றித் தலையணைப் பக்கத்தில் வைத்துச் சில இரவுகள் தூங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருள் மட்டும்தான். புது சோப்பு, புதுப் போர்வை, அறைக்குப் பெயிண்ட் எதையும் அந்த நாட்களில் மாற்றாதீர்கள், மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று தெரியாமல் போய்விடும். காலையில் எழுந்ததும் எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். துண்டு ஒத்துக்கொண்டால் முழு மெத்தையும் ஒத்துக்கொள்ளும் என்று உறுதி இல்லை, பரப்பு கூடும்போது வாடையும் கூடும், ஆனால் துண்டே ஒத்துக்கொள்ளாததை வாங்கிக் கஷ்டப்படாமல் தப்பிக்கலாம்.

திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனையையும் அப்போதே படியுங்கள். உறையைப் பிரித்தால் திரும்ப எடுக்கமாட்டோம் என்பவர்களிடம் உணர்திறன் உள்ளவர்கள் வாங்கக் கூடாது.

ஏற்கெனவே வாங்கியது தொந்தரவு தருகிறது, மாற்றவும் முடியாது என்றால், மெத்தையை வேறு அறையில் நல்ல காற்றோட்டத்தில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள், வெயில் படாத வெதுவெதுப்பான இடமாக இருந்தால் நல்லது. நேரடி வெயில் பஞ்சுக்குச் சரி, ஃபோமையும் லேடெக்ஸையும் சிதைத்துவிடும். அப்புறம் நெருக்கமாக நெய்த பருத்தி உறை ஒன்று போடலாம், அது தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. வாயுவுக்குப் பாலித்தீன் உறை ஓரளவு உதவும், பிவிசி உறை வேண்டாம், தாலேட்டுகள் அதில்தான் அதிகம். கட்டில் பலகை என்றால் திறந்திருக்கும் ஓரங்களையும் அடிப்பக்கத்தையும் அரக்கு பாலிஷால் மூடலாம், அல்லது அலுமினியத் தாள் ஒட்டலாம், அழகாக இருக்காது, ஆனால் வாயு அதைத் தாண்டி வருவது அநேகமாக நின்றுவிடும். பூசுவதை உணர்திறன் உள்ளவர் செய்யக் கூடாது, வேறு யாராவது வெளியில் வைத்துச் செய்து நன்றாகக் காயவைத்துக் கொண்டுவர வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாதவர்கள் தலையணையையும் உறைகளையும் முதலில் மாற்றுங்கள், மூக்குக்கு மிக அருகில் இருப்பது அவைதான், செலவும் குறைவு. 'சுருக்கம் விழாது' என்று விற்கும் விரிப்புகளில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு சார்ந்த பிசின் பூச்சு இருக்கும், சாதாரணப் பருத்தியை எடுத்து இரண்டு மூன்று முறை வாசனையில்லாத சோப்பில் துவைத்துவிட்டுப் போடுங்கள். அடுத்தது மெத்தை, கட்டில் பலகையாக இருந்தால் அதுவும் சேர்ந்தே. புது மெத்தை வந்ததும் பழையதை அவசரப்பட்டு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். உடம்புக்குப் பழகிய ஒன்று வீட்டில் இருக்கும்வரை, புதியது ஒரு இரவு ஒத்துவரவில்லை என்றால் எழுந்து போய்ப் படுக்க ஓர் இடம் இருக்கும். சில வாரங்கள் புதியதில் நிம்மதியாகத் தூங்கிய பிறகு, சூடான நாட்களும் ஈரமான நாட்களும் ஒரு சுற்று வந்து போன பிறகு, பழையதைக் கொடுத்துவிடலாம்.